ஈப்போ செல்வியின் கடிதங்கள்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது இருக்கும் இளைய சிஸ்டர்கள் மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களைச் சேர்த்து செல்போனில் ஒரு குழு தொடங்கியிருக்கிறார்களாம். கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பெண்கள் அதில் இருக்கிறார்கள். எழுத வராதவர்கள் பேசி அனுப்புகிறார்கள். அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கொழுக்கட்டைக்குப் பக்குவம் கேட்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தி இறந்துவிட்டாள்.

"அதக் குழுவுல சொல்லவா வேண்டாமா சிஸ்டர்? சொன்னா மத்தவங்க ஒடஞ்சிருவாங்க. இந்த மாதிரி குழுவுக்கெல்லாம் நீங்கதான் மொதல்ல ஆளுகளச் சேத்து விட்டீங்கன்னு சொல்லுதாங்க. நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்கள்.

காப்பி கொடுத்து, வேறு பேச்சுப் பேசி அனுப்பிவிட்டேன். நான் என்ன செய்தேன் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

எனக்குச் சாத்தான்குளம் பக்கம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தேன். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சர்ஜிகல் வார்டில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

எங்கள் டாக்டர் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். காலை ரவுண்ட்ஸில் கட்டிலின் கால்மாட்டில்தான் நிற்பார். தலைமாட்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை. சார்ட்டை வாங்கிக் கடைசித் தாளிலிருந்து முதல் தாள்வரை பின்னோக்கி வாசிப்பார். வாசித்து முடித்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார். குடலிறக்கத்துக்குத் தையல் போட்டவருக்கும், பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவருக்கும் அதே வாக்கியம், அதே குரல். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்று கேட்டால் எனக்கு விளங்கிவிடும். கணவரை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் பேசுவார். வெளியே வருகிற கணவர் மனைவியின் கண்ணைப் பார்க்காமல் காப்பி வாங்கி வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்.

புற்றுநோய் என்ற சொல்லை டாக்டர் எந்தப் பெண்ணிடமும் சொன்னதில்லை. 'கட்டி' என்பார். ஈரமில்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மார்பை எடுக்கும் ஆபரேஷன் என்றால் கடைசிக் கட்டை அவரே போடுவார், உதவியாளர் கையில் விட மாட்டார். பஞ்சை அடுக்கடுக்காக வைத்து, மயக்கம் தெளிந்து குனிந்து பார்க்கும்போது அந்த இடம் சட்டென்று குழியாகத் தெரியாதபடி கட்டுவார்.

மூன்றாம் நாள் அந்தக் கட்டைப் பிரிப்பது என் வேலை. உப்புத் தண்ணீரால் நனைத்து, பஞ்சு ஊறும்வரை காத்திருக்க வேண்டும். ஒட்டிய துணியைத் தையலின் நீளவாக்கில்தான் உரிக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் உயிர் போகும். அக்குளிலிருந்து வரும் குழாயின் நுனியில் ஒரு டப்பா தொங்கும். அதை அமுக்கி மூடிவிட்டால் உள்ளே தேங்கும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் அளந்து எழுதி, நீர் குறைந்ததும் குழாயை உருவுவோம். கட்டைப் பிரிப்பதற்கு முன்னால், "பாக்குதீங்களா, வேண்டாமா?" என்று நான் கேட்பேன். வேண்டாம் என்றால் முகத்துக்கும் மார்புக்கும் நடுவே ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

அப்படிக் கேட்கும் பழக்கம் எனக்கு வந்ததற்குக் காரணம் பசுவந்தனையிலிருந்து வந்த ஒரு பெண். நான் சேர்ந்த புதிது. எதையும் கேட்காமல் கட்டைப் பிரித்துவிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"என்னத்த எடுத்தீங்க?"

"கட்டிய எடுத்திருக்கு."

"கட்டியவா? எல்லாத்தையும்லா எடுத்திருக்கீங்க." குழாயைத் தொட்டுப் பார்த்தாள். "இனி ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லம்மா."

அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். கதிர்வீச்சுக்கு மதுரைக்குப் போகவேண்டும் என்ற சீட்டு அவள் கணவரிடம் இருந்தது. அவள்தான் ஒன்றுமில்லை என்கிறாளே, தெம்பாகத்தானே இருக்கிறாள் என்று அவர் கூட்டிப்போகாமல் விட்டுவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து அதே இடத்தில் ஆறாத புண்ணோடு வந்தாள். வார்டு முழுக்க வாடை. அவளுக்கு நான்தான் புண் கட்டினேன். கோபமே இல்லாமல், "ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே சிஸ்டர்" என்றாள். மூன்று வாரத்தில் போய்விட்டாள்.

அன்று டாக்டர் அறைக்குப் போனேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அவங்ககிட்டயே சொல்லியிருந்தா மதுரைக்குப் போயிருப்பாங்க டாக்டர்."

அவர் திரும்பவில்லை. "சொல்லிட்டா சொன்னவங்களுக்குப் பாரம் எறங்கிரும் எஸ்தர். கேட்டவங்களுக்கு?"

"அதுக்காகத் தெரியாமச் சாகணுமா டாக்டர்?"

அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. குழாயை மூடி, துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "சரி. இனிமே நீங்க சொல்லுங்க. ஆனா ஒண்ணு, சொன்னீங்கன்னா கடைசி வரைக்கும் நீங்கதான் அவங்களோட நிக்கணும்."

அன்றிலிருந்து நோயின் பெயரைச் சொல்வது என் வேலையானது. பத்து வருடத்துக்கு மேல் அதைச் செய்தேன். எனக்கு அதில் பெருமை இருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் பொய் சொல்லாத ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆபீஸ் அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. போன் வயரைச் செருகினால் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு இன்டர்நெட் வரும். எங்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டு சென்னைக்கு மாற்றலாகிப் போன ஒரு பாங்க் அதிகாரி அம்மா எனக்குக் கடிதம் எழுதினார். மார்பகப் புற்றுநோய் வந்த தமிழ்ப் பெண்கள் ஈமெயிலில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சென்னை, கோயமுத்தூர், கொழும்பு, மலேசியா, கனடா என்று பல இடத்துப் பெண்கள். ஒருத்தி எழுதினால் எல்லோருக்கும் போகும், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். தமிழில்தான் எழுதுவார்கள், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். "உங்கள் வார்டில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். எனக்கு டாக்டர் தராத ஒன்றை இவர்கள் தந்தார்கள்" என்று முடித்திருந்தார்.

டாக்டரிடம் கேட்டேன். "மத்தியானம் ரெண்டுலருந்து மூணு. வார்டு வேலை கெடக்கூடாது" என்றார். ஒரு விரலால் தட்டித் தட்டிப் பழகினேன். அப்படி நான் குழுவில் சேர்த்துவிட்டவர்கள் நான்கு பேர். மூன்று பேர் இரண்டொரு கடிதத்தோடு நின்றுவிட்டார்கள். நான்காவது ஆள் சண்முகத்தாய்.

சண்முகத்தாய்க்கு எப்போதும்வென்றான். முப்பத்தெட்டு வயது. தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தொழிற்சாலையில் கட்டை அடுக்குகிற வேலை, அதாவது மருந்து முக்குவதற்காகக் குச்சிகளைக் கட்டையில் அடுக்குவது. எட்டாவதுவரை படித்தவள். கணவர் அய்யாத்துரை லாரி ஓட்டினார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினைந்து, சின்னவளுக்குப் பன்னிரண்டு. இடது மார்பை எடுத்த நான்காம் நாள், குழாயை உருவிய பிறகு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பசுவந்தனைப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்லி, அவளுக்கு நோயின் பெயரைச் சொன்னேன்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்திக்கு வந்துச்சு. போயிட்டா" என்றாள்.

"எல்லாரும் போறதில்ல."

"அவியளுக்குத் தெரியுமா?"

"வீட்டுக்காரருக்கா? தெரியும்."

"அதான் நாலு நாளா ஆரஞ்சா வாங்கிட்டு வாராக. கல்யாணமாகிப் பதினேழு வருசத்துல ஒரு ஆரஞ்சு வாங்கித் தந்ததில்ல." சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். பிறகு, "தெரிஞ்சது நல்லதுதான் சிஸ்டர். ஆனா இத யார்ட்டப் பேச? வீட்டுல பேச்செடுத்தா அவிய எந்திரிச்சு வெளிய போயிருதாக. ஆபீஸ்ல சொன்னா தண்ணி டம்ளரத் தனியா வைப்பாளுக" என்றாள்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்ற வந்தபோது அவளை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனேன். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்க வந்தவள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அப்படியே தட்டினேன்.

"என் பேரு சண்முகத்தாய். ஊரு எப்போதும்வென்றான். எடது பக்கம் எடுத்திருக்கு. முடி கொட்டிட்டு. ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு. நீங்கள்லாம் எப்படி இருக்கீங்க?"

இரண்டு நாளில் பதினொரு பதில் வந்தது. எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அதில் ஒன்று மலேசியாவில் ஈப்போ என்ற ஊரிலிருந்து செல்வி எழுதியது. அவளுக்கு முப்பத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை, கல்லூரிக்குப் போகும் வயதில் ஒரே மகள். சண்முகத்தாய்க்கு ஐந்து மாதம் முன்னால் ஆபரேஷன் ஆனவள். "பசியாறிட்டீங்களா அக்கா? உங்க ஊர் பேர்லயே ஜெயிச்சிட்டீங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்ல. எனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று எழுதியிருந்தாள்.

"எங்க ஊர்ல மழையே கெடையாது, என்னத்த ஜெயிச்சோம்னு எழுதுங்க சிஸ்டர்" என்றாள் சண்முகத்தாய்.

அப்படித் தொடங்கியது. மருந்து ஏற்ற வரும்போதெல்லாம் கடிதம் வாசிப்போம். ஆறு தடவை மருந்தும் மதுரையில் கதிர்வீச்சும் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும், பதினைந்து நாளைக்கு ஒரு வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, செல்வியின் கடிதத்துக்காகவே பஸ் ஏறி வந்தாள். இங்கிலீஷ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வந்த கடிதங்களின் வரிசையில் செல்வியின் பெயர் பாம்பு மாதிரி ஒரு எழுத்தில் தொடங்கும் என்று தெரிந்துகொண்டு, "அந்தா கெடக்கு" என்று எனக்கு முன்பே விரலை வைப்பாள்.

எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ள அங்கே எல்லாம் ரப்பரில் விற்கிறார்கள், இரண்டு பக்கமும் எடை சரியாக இருக்கும் என்று செல்வி எழுதினாள். சண்முகத்தாய் துணியில் ஒரு பை தைத்து, நடுவே ஒரு கை குதிரைவாலித் தானியத்தைப் போட்டு, சுற்றிலும் பருத்தியை அடைத்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். எடைக்குத்தான் குதிரைவாலி. அதை எழுதச் சொன்னாள். "வேர்வை பட்டு முளைச்சிடாதா அக்கா?" என்று செல்வி கேட்டாள். "முளைச்சா ரேசன் கடைக்குப் போற வேலை மிச்சம்" என்று பதில் போயிற்று. ஆபீஸ் அறையில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மருந்து ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆனால் பெரும்பாலும் அவர்கள் எழுதிக்கொண்டது பயத்தைப் பற்றித்தான். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின நாள் செல்வியிடமிருந்து கடிதம் வந்துவிடும். "பயமா இருக்குக்கா. மகள்கிட்ட காட்டிக்க முடியல" என்பாள். "எனக்கும் பயந்தான். நீ அங்கன பயப்படு, நான் இங்கன பயப்படுதேன்" என்று சண்முகத்தாய் சொல்வாள். இதில் என்ன ஆறுதல் இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தைரியம் சொல்லும் கடிதங்கள் குழுவில் வேறு நிறைய வந்தன. அவற்றை வாசித்தால், "சரி, அடுத்ததப் பாருங்க" என்பாள்.

செல்விக்கு நோய் ஈரலில் திரும்ப வந்தது. வேறொரு மருந்தை ஏற்றத் தொடங்கியிருப்பதாக எழுதினாள். அடுத்த மாதம் சண்முகத்தாய்க்கு முதுகுவலி. கட்டை அடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் வந்து சேர்ந்தாள். ஸ்கேனில் முதுகெலும்பிலும் ஈரலிலும் இருந்தது. மாடி வார்டில் சேர்த்தோம். நோய் திரும்பியதை அவளுக்கு நானேதான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "செல்விக்கு எழுதிருங்க" என்றாள்.

எழுதலாம் என்று மறுநாள் ஆபீஸ் அறைக்குப் போனேன். செல்வியின் பெயரில் ஒரு கடிதம் வந்திருந்தது. திறந்தேன். "இது செல்வியின் மகள்" என்று தொடங்கியது. அம்மா திங்கட்கிழமை இறந்துவிட்டார். கடைசி வாரத்தில் அம்மா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: இரண்டாவது மருந்து போட்டிருக்கக் கூடாது, அந்த நாட்களை வீட்டில் இருந்து கழித்திருக்கலாம் என்று. குழுவில் உள்ளவர்களுக்குச் சொல்லச் சொன்னார், அதனால் எழுதுகிறேன். சண்முகத்தாய் அக்காவுக்குத் தனியாகச் சொல்லவும்.

மாடிப்படி ஏறும்போது சொல்லிவிடுவது என்றுதான் ஏறினேன். மூன்றாவது கட்டிலில் அவள் கதவைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"செல்வி எழுதிருக்காளா சிஸ்டர்?"

"எழுதியிருக்கா."

"எப்படி இருக்காளாம்?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். "நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

"ஸ்கேன் எடுத்தாளே, என்னாச்சாம்?"

"ஒண்ணும் இல்லையாம்."

அவள் கண்ணை மூடி, "அப்பாடா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். வேறு காரணம் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒரு நாள் பொறுத்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் வலி அதிகம். அதற்கு மறுநாள் காய்ச்சல். அவளால் இனிப் படி இறங்க முடியாது என்பதும் எனக்கு வசதியாகிவிட்டது. 'செல்வியின் கடிதம்' என்று ஜுரச் சார்ட்டின் பின்பக்கத்தில் நானே எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். பசியாறிட்டீங்களா அக்கா என்று தொடங்குவேன். அவள் சொல்லும் பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். அனுப்ப இடமில்லை. குழுவுக்குச் சண்முகத்தாயின் பெயரில் ஓர் இரங்கல் கடிதமும் எழுதினேன். எழுதாவிட்டால், சண்முகத்தாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டு மற்றவர்கள் எழுதுவார்கள், வார்டுக்குப் போன் செய்வார்கள் என்று பயந்தேன். "என் தங்கச்சி போயிட்டா" என்று தொடங்கும் கடிதம். செல்வியின் மகள் நன்றி சொல்லிப் பதில் எழுதினாள். அந்தக் கடிதத்தைத் தாளில் எடுத்து அம்மா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாளாம்.

அடுத்த வாரம் மதுரைப் பெரிய டாக்டரிடமிருந்து சீட்டு வந்தது. வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாம். பலன் அதிகம் எதிர்பார்க்க முடியாது. வேண்டாம் என்றாலும் தப்பில்லை. எங்கள் டாக்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். "இத அந்தம்மாவே முடிவு பண்ணட்டும் எஸ்தர். வீட்டுக்குப் போறேன்னா வலிக்கு மருந்து குடுத்து அனுப்புவோம். நல்லா வெவரமாச் சொல்லுங்க. நீங்கதான் சொல்வீங்களே" என்றார்.

அய்யாத்துரை வராந்தாவில் நின்று, "என்னால கேக்க முடியாது சிஸ்டர். அவ என்ன சொல்லுதாளோ அதான்" என்றார்.

சண்முகத்தாயிடம் விவரமாகவே சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போறேன் சிஸ்டர். சின்னவ பெரிய மனுசி ஆகுற வயசு. அந்த நேரம் நான் பக்கத்துல இருந்தாப் போதும்" என்றாள். "ஆனா செல்வியும் ரெண்டாவது மருந்து போட்டாள்லா? அவ என்ன சொல்லுதான்னு கேட்டுச் சொல்லுங்க. அவ வேண்டாம்னா நான் போயிருதேன்."

பதில் என்னிடம் இருந்தது. செல்வி சாகும்போது சொல்லி அனுப்பிய பதில். அதைச் சொன்னால் செல்வி செத்ததைச் சொல்லவேண்டும். நான் பத்து நாளாகப் பொய் சொன்னதைச் சொல்லவேண்டும். அதோடு, மருந்து போட்டால் இவள் பிழைத்தாலும் பிழைப்பாள் என்று ஒரு ஆசையும் என்னுள் இருந்தது. எது அதிகம் இருந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஜுரச் சார்ட்டின் பின்பக்கத்தை வாசித்தேன். "நானும் போட்டேன் அக்கா. நாலு நாள் கஷ்டம், அஞ்சாம் நாள் எழுந்து உட்கார்ந்திடுவோம். தாங்கிக்குங்க. தைரியமா இருங்க. நான் தாங்கலையா?"

"அவளே தாங்கியிருக்கான்னா நமக்கென்ன. போடுங்க சிஸ்டர்" என்றாள்.

இரண்டு மாதத்தில் மூன்று தடவை போட்டோம். முதல் தடவை வாந்தி. இரண்டாவதில் வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியவில்லை. மூன்றாவதில் ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. தொற்று வந்தால் தாங்காது என்று தனி அறைக்கு மாற்றி, பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார். அந்த நாட்களில்தான் சின்னவள் வயதுக்கு வந்தாள். அய்யாத்துரையின் தங்கை சடங்கு செய்தாள். பதினாறாம் நாள் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, பிள்ளையை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சண்முகத்தாயின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினேன். மாடியிலிருந்து தலை வகிடும் பூவும் தெரிந்தன. பிள்ளை அண்ணாந்து பார்த்தது. அந்த நேரம் அவள் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க முடியாமல் போனது நான் வாசித்த பொய்க் கடிதத்தால்தான் என்று யாருக்கும் தெரியாது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, புண்ணுக்கு மருந்து தடவ அறைக்குப் போனேன். அவள் குழறியபடி மெதுவாகக் கேட்டாள்.

"சிஸ்டர், செல்வி எப்பப் போனா?"

கையில் இருந்த பஞ்சை வைத்துவிட்டேன். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. லெட்டருக்கு லெட்டர் பயமா இருக்கு, பயமா இருக்குன்னு எழுதுவா. ரெண்டு மாசமா அவளுக்குப் பயமே இல்ல. தாங்கிக்குங்க, தைரியமா இருங்கன்னு உங்களப் போலயே பேசுதா."

சொன்னேன். அவள் வார்டில் சேர்ந்த வாரமே செல்வி இறந்ததைச் சொன்னேன். மருந்தைப் பற்றி அவள் சொல்லி அனுப்பியதையும் சொன்னேன். அதையாவது மறைத்திருக்கலாமோ என்று பிற்பாடு தோன்றியது. அந்த நேரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் தலையை என் பக்கம் திருப்பினாள்.

"அவளுக்குன்னு நான் சொன்னதெல்லாம்?"

"நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அனுப்பல."

"அப்போ இம்புட்டு நாளா நான் யார்ட்டப் பேசிக்கிட்டுக் கெடந்தேன்?"

கீழே வைத்த பஞ்சை மறுபடி எடுத்தேன்.

"பசுவந்தனைக்காரிக்கு நடந்ததச் சொல்லித்தான எனக்கு நோயோட பேரச் சொன்னீங்க. நீங்க ஒருத்தி பொய் சொல்ல மாட்டீங்கன்னு இருந்தேன்" என்றாள். பிறகு, "ஜன்னலச் சாத்துங்க சிஸ்டர். வெளிச்சம் கண்ணக் குத்துது" என்றாள். அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை. மருந்து தடவ வாயைத் திறப்பாள், அவ்வளவுதான்.

காய்ச்சல் இறங்கியதும் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார் டாக்டர். மூன்றாம் நாள் நான் எப்போதும்வென்றானுக்குப் போனேன். மழை இல்லாத வருடம். பஸ்ஸிலிருந்து பார்த்த தூரம்வரை கரிசல் வெடித்துக் கிடந்தது. சண்முகத்தாய் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். பேச்சு நின்றுவிட்டது. சின்னவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, சிஸ்டர் வந்திருக்காங்க" என்றாள். சண்முகத்தாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். நான் கிளம்பும்வரை திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் இறந்துபோனாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டு, கையில் இருந்த சார்ட்டை மூடி வைத்தார். "நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன் எஸ்தர்" என்றார். என் வேலைக்காலத்தில் அதைவிடக் கடுமையான சொல்லை நான் யாரிடமும் கேட்டதில்லை.

குழுவுக்கு எழுதினேன். சண்முகத்தாய் இறந்ததை எழுதினேன். செல்வி இறந்ததை அவளாகக் கேட்கும்வரை இரண்டு மாதத்துக்கு மேல் மறைத்து வைத்திருந்ததையும், செல்வியின் பேரில் நானே வாசித்ததையும், சண்முகத்தாயின் பெயரில் போன இரங்கல் கடிதத்தை நான் எழுதியதையும் எழுதினேன். அந்தக் கடிதத்தைத் தட்ட மூன்று மத்தியானம் ஆனது. சிலர் ஆறுதல் எழுதினார்கள். நல்ல எண்ணத்தில்தானே செய்தீர்கள் என்றார்கள். கோயமுத்தூர்க்காரர் ஒருவர், இனி யார் கடிதத்தையும் நம்பி வாசிக்க எனக்கு வராது என்று இரண்டு வரி எழுதிவிட்டுக் குழுவைவிட்டு விலகினார். அவருக்கு அப்போது இரண்டாம் தடவை நோய் வந்திருந்தது. அவர் அதற்குப் பிறகு யாரிடம் பேசினார், பேசினாரா என்பது எனக்குத் தெரியாது.

நான்கு நாள் கழித்துச் செல்வியின் மகளிடமிருந்து வந்தது. அம்மா படத்துக்குக் கீழே இருந்த தாளை எடுத்துவிட்டேன் ஆன்டி, உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதியிருந்தாள். ஒன்று மட்டும் தெரிய வேண்டும் என்றாள். அம்மா உடம்பு முடியாமல் கிடந்தபோது சண்முகத்தாய் அக்காவின் பழைய கடிதங்களை எடுத்து எடுத்து வாசித்துச் சிரிப்பார். அம்மா கடைசியாகச் சிரித்தது அவற்றுக்குத்தான். அவற்றையெல்லாம் உண்மையிலேயே அந்த அக்காதான் சொன்னாரா, அவையும் நீங்கள் எழுதியவையா?

அன்றைக்கே பதில் எழுதினேன். அவை அத்தனையும் சண்முகத்தாய் சொன்னவை, ஒரு சொல்கூட என்னுடையது இல்லை, நான் தட்டியது மட்டும்தான் என்று எழுதினேன். அது உண்மை.

அடுத்த மாதம் முழுக்க மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். அவள் பதில் எழுதவில்லை. நம்பினாளா என்று தெரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.